ஓடாத பாய்லருக்கு எத்தனை குளியல்

அந்தத் தெருவில் ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். இடது பக்கத்தில் இருப்பவரைத் தெருவே சக்கரக்காரர் என்றது. வலது பக்கத்தில் இருப்பவரை ஆவிக்காரர் என்றது. பெற்றவர்கள் இருவருக்கும் நல்ல பெயராகத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயர்களைத் தபால்காரர் ஒருவர்தான் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ‘ஆவிக்காரர்’ என்று கேள்விப்பட்டதும் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டார்கள். ஒரு அம்மாள் ஒருபடி மேலே போய், சமீபத்தில் செத்துப்போன மாமியார் பீரோ சாவியை எங்கே வைத்துவிட்டுப் போனாள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்று வாசலில் வந்து நின்றுவிட்டாள். ஆவிக்காரர் பொறுமையாக, “அம்மா, எங்கிட்ட இருக்கிறது தண்ணி கொதிச்சா வர்ற ஆவிம்மா. அதுக்கு விசில் அடிக்கத்தான் தெரியும்” என்றார். “அப்ப பேசாதா?” என்று கேட்டு, முகம் வாடித் திரும்பிப் போனாள். அவள் போன பிறகு வெகுநேரம் அவர் வாசலிலேயே நின்றார். அந்த வாரத்தில் அவரிடம் நின்று பேசிய ஒரே ஆள் அவள்தான்.

இந்த இருவரும் அண்ணன் தம்பி. கூடப் பிறந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒருவருக்குச் சக்கரமும் இன்னொருவருக்கு ஆவியும் வந்து சேர்ந்தது பாகப்பிரிவினையில்தான்.

இளவட்டமாக இருந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரயில் எஞ்சின் செய்தார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பொம்மை இல்லை. இரண்டு கையாலும் தூக்கினால் மூச்சு வாங்கும். உண்மையான கரி, உண்மையான தண்ணீர், உண்மையான நீராவி. ஆள் உட்கார்ந்த தள்ளுவண்டியைப் பின்னால் மாட்டினால் இழுத்துக்கொண்டு ஓடும். சட்டம், சக்கரம், சிலிண்டர், தண்டு எல்லாம் அண்ணனின் வேலை. பாய்லர் தம்பியின் வேலை. தம்பிக்குத் தொழில் பொய்ப்பல் செய்வது. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து செய்து கொடுப்பார். நெருப்பை ஊசிமுனைபோல வைத்துப் பற்றவைப்பது அவருக்குக் கைவந்த கலை. செம்புத் தகட்டை உருட்டி, உள்ளே நெருப்புப் பெட்டி வைத்து, அதிலிருந்து புகை போகும் குழாய்களைச் சொருகி, ஒரு சொட்டு ஒழுகாமல் பற்றவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் இப்படிப்பட்ட பைத்தியங்கள் சிலர் கூடுவார்கள். அங்கே அவர்களே வட்டமாகப் போட்ட சின்னத் தண்டவாளம் உண்டு. அண்ணன் ஓட்டுவார், தம்பி கரி போடுவார். “டேய், தண்ணியைப் பாருடா!” என்று அண்ணன் கத்துவது பூங்கா வாசல் வரைக்கும் கேட்கும்.

அம்மா போனதும் வீட்டைப் பிரித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, மாடிப்படி வரைக்கும். மாடிப்படி அண்ணன் பாகத்தில் விழுந்தது. எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுவது எப்போதும் மொட்டைமாடியில்தான். இனி அண்ணன் வீட்டு வழியாகத்தான் மாடிக்குப் போக முடியும். தம்பிக்கு அது உறுத்திவிட்டது. அளக்க வந்த ஆளின் முன்னாலேயே, “வீட்டையே பிரிச்சாச்சு, அந்த எஞ்சினை மட்டும் எதுக்கு விட்டுவைக்கணும்? அதையும் ரெண்டாப் பிரிச்சிடலாமே!” என்றார்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். ‘போடா மடையா’ என்று அண்ணன் திட்டுவார், அதோடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். அண்ணன் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடியும் சொருகிக்கொண்டு, “உங்க இஷ்டம்” என்றார்.

உங்க இஷ்டம். உன் இஷ்டம் இல்லை. அண்ணன் டெலிபோன் ஆபீசில் புகார் கவுன்ட்டரில் உட்கார்ந்து காலம் தள்ளியவர். இணைப்பு செத்துப்போனவர்கள் எல்லாம் வந்து அவர் முகத்துக்கு நேரே கத்துவார்கள். அவர்களுக்கென்றே ஒரு குரல் வைத்திருந்தார்: “சொல்லுங்க, என்ன பிரச்சனை? பாக்கிறோங்க.” அந்தக் குரலில் கோபம் இருக்காது, அன்பும் இருக்காது. அதைத்தான் அன்றைக்குத் தம்பிமேல் எடுத்துப் பிரயோகித்தார். வெளியாள் ‘நீங்க’ என்றால் மரியாதை. பிறந்ததிலிருந்து ‘வாடா போடா’ என்ற அண்ணன் திடீரென்று ‘நீங்க’ என்றால், அது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவதுதான். பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால் தம்பிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலையே எஞ்சினைப் பிரித்தார்கள். அதுதான் கூத்து. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி, ஸ்பேனரைக் கைமாற்றி, பெயின்ட்டில் ஒரு கீறல் விழாமல், குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பாய்லரைச் சட்டத்திலிருந்து தூக்கினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முன்னால் அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் வேலை பார்த்ததே இல்லை. பாய்லரைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகளையும் அண்ணன் எண்ணி ஆளுக்குப் பாதியாக வைத்தார். “சரிபாத்துக்குங்க” என்றார்.

அதோடு சரி. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தும் நேரில் பார்த்தால் “நல்லா இருக்கீங்களா?”, “இருக்கேன்.” அவ்வளவுதான் பேச்சு. பூங்காவுக்கு இருவருமே போவதை நிறுத்திவிட்டார்கள். பாதி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு ஒன்றிரண்டு வந்தது. பெண்ணோடு காபி குடித்துவிட்டு வந்தவரிடம் “எப்படி இருக்கா பொண்ணு?” என்று அண்ணி கேட்டால், “மேல்வரிசையில கடைசிப் பல்லு போயிடுச்சு அண்ணி” என்பார். அந்தப் பேச்சு அப்படியே விட்டுப்போய்விட்டது. அப்போதெல்லாம் அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வீட்டில் அம்மா இருந்தாள், அண்ணன் இருந்தார், அண்ணி இருந்தாள், குழந்தை ஒன்று காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் எழுந்த பிறகுதான் தான் தனியாள் என்பது அவருக்கே தெரிந்தது.

முன்னறையில் மேசைமேல் பல்செட்டுகள் வரிசையாக இருக்கும். நாளெல்லாம் அவற்றோடுதான் வேலை. யாருடைய வாய்க்கோ போகப்போகிற சிரிப்பு. சாயங்காலம் விளக்கைப் போட்டால் அத்தனையும் இவரைப் பார்த்து இளிக்கும். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் தன் பாகத்தை ஓட்டுவார். பாய்லர் இல்லாவிட்டால் என்ன, காற்றடிக்கும் மோட்டாரைச் சிலிண்டரில் மாட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சக் சக், சக் சக். தம்பி கையிலிருக்கும் பல்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். எப்போதாவது இவரும் பின்கட்டில் பாய்லரை ஒரு தாங்கிமேல் ஏற்றி, நெருப்புப் போட்டு, ஆவி வந்ததும் விசிலை இழுப்பார். உடனே அந்தப் பக்கத்துச் சக்கரம் நின்றுவிடும். அண்ணன் கேட்கிறாரா, எரிச்சலில் நிறுத்துகிறாரா என்பது இவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

மற்ற நேரமெல்லாம் பாய்லரைக் கழுவினார்.

அவருக்கு அது புது வேலையும் இல்லை. தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாக ஒன்று படியுமே, பாய்லரிலும் அது படியும். அதற்குக் காரை என்று பெயர். பல்லில் படிவதற்கும் காரை என்றுதான் பெயர். இரண்டையும் விட்டுவைக்கக் கூடாது. பல்லில் விட்டால் ஈறு போகும், பாய்லரில் விட்டால் செம்பு சூடேறிக் கெடும். அடியிலிருக்கும் அடைப்புகளைத் திருகிக் கழற்றுவார். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து உள்ளே ஊற்றுவார். உள்ளே சர்ரென்று நுரைக்கிற சத்தத்தைக் காதை வைத்துக் கேட்பார். பிறகு அதைக் கொட்டிவிட்டுச் சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் மறுபடி மறுபடி அலசுவார். கம்பி பிரஷ்ஷை ஒரு நீளக் குச்சியில் கட்டிப் புகைக்குழாய் ஒவ்வொன்றிலும் விட்டு இழுப்பார். கரி பொலபொலவென்று உதிரும். தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயைக் கழற்றித் துடைப்பார். கடைசியில் டார்ச்சும், பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியும் எடுத்து, அடைப்பு ஓட்டை வழியாக உள்ளே பார்ப்பார். “ஆ காட்டு, நல்லா ஆ காட்டு” என்று தன்னையறியாமல் சொல்வார். சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்ப்பார். யார் இருக்கிறார்கள் கேட்க?

ஓடுகிற எஞ்சினுக்கே எப்போதாவது ஒரு தடவை செய்தால் போதும் இந்தக் குளியல். இவர் மனசு சரியில்லாதபோதெல்லாம் செய்தார். பண்டிகை நாளில், மழை விடாமல் பெய்கிற நாளில், சுவருக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் சிரிக்கிற நாளில். முதலில் சில தடவை வெள்ளையாகக் காரை வந்தது. பிறகு வருவதற்குக் காரை ஏது? நீலமும் பச்சையுமாகத் தண்ணீர் வந்தது. அதையும் அழுக்கு என்று நினைத்துக்கொண்டு, “எவ்வளவு அழுக்கு பாரு” என்று திருப்தியாகக் கொட்டினார். தனியாக இருக்கிற மனுஷனுக்கு ஏதோ ஒன்று சுத்தமாகிறது என்ற எண்ணமே பெரிய ஆறுதல்.

பாய்லரின் அடியில், கழிவுநீர் வால்வு திருகுகிற இடத்தில் ஒரு வளையம் உண்டு. புஷ் என்பார்கள். மற்ற புஷ்ஷெல்லாம் வெண்கலம். அந்த ஒன்றை மட்டும், செய்கிற அன்றைக்கு வெண்கலத் துண்டு தீர்ந்துபோனதால், கையில் கிடைத்த பித்தளையில் செய்துவிட்டார். குட்டிக் கண்ணாடியில் பார்க்கப் பார்க்க அதன் மஞ்சள் மாறி இளஞ்சிவப்பு வந்துகொண்டிருந்தது. காலமெல்லாம் ஈறு பார்த்த கண். ஈறு வெளுத்தால் கெட்டது, கருத்தால் கெட்டது, இளஞ்சிவப்பாக இருந்தால் ஆரோக்கியம். “நல்ல நிறம் வந்திருக்கு” என்று சந்தோஷப்பட்டார். இப்படி ஒரு தப்பை இன்னொரு மனுஷன் செய்திருக்க முடியாது. அதற்குப் பல்லும் தெரிந்திருக்க வேண்டும், பாய்லரும் தெரிந்திருக்க வேண்டும், பித்தளை மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும்.

ஒருநாள் கொல்லையில் துணி உலர்த்தும்போது சுவருக்கு மேலாக அண்ணியின் தலை தெரிந்தது. அண்ணி மட்டும் எந்தப் பாகப்பிரிவினைக்கும் கட்டுப்படாமல் இவரோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

“தம்பி, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு அண்ணி.”

“ஒரு விஷயம் சொல்லணும். நாங்க மக வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கோம். உங்க அண்ணனுக்கு முட்டி சுத்தமா முடியல. இந்தப் பாகத்தை வாடகைக்கு விட்டாச்சு.”

இவர் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தார். ஏற்கனவே பிழிந்த துணிதான். “எப்ப?” என்றார்.

“வர்ற வியாழக்கிழமை. இன்னொண்ணு... அந்தச் சக்கரத்தை அங்க வைக்க இடமில்ல. உங்க பாகத்தையும் அதையும் சேர்த்து மாட்டி, பூங்காவுல ஓட்டுறாங்களே, அவங்களுக்கே குடுத்துடலாமான்னு கேக்குறார். பாய்லர் ஒழுகலன்னா எடுத்துக்கிறாங்களாம். கிளம்புறதுக்கு முன்னால அவரே வந்து பக்கத்துல நின்னு பாக்கணுமாம்.”

“அவரே வர்றாரா?”

“அவரேதான்.”

“என்னைக் கேக்கச் சொன்னப்ப எப்படிச் சொன்னார் அண்ணி? ‘அவங்களைக் கேளு’ன்னாரா, ‘அவனைக் கேளு’ன்னாரா?”

அண்ணிக்குப் புரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தது இவருக்கும் தெரிந்தது. “அவங்களைன்னுதான் சொன்னார்” என்றாள்.

எஞ்சின் யாரிடம் போனாலும் இவருக்குக் கவலையில்லை. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. போவதற்குள் அண்ணன் ஒரே ஒரு தடவை ‘டா’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அது போதும். இந்த வயதில் இதற்குப் போய் ஏங்குவதா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் ஏங்கினார். அண்ணன் இந்தத் தெருவை விட்டுப் போய்விட்டால் இந்த உலகத்தில் இவரை ‘டா’ என்று கூப்பிடுகிற உரிமை உள்ள ஆள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. ‘சார்’ இருக்கும், ‘பெரியவரே’ இருக்கும், ‘ஆவிக்காரரே’ இருக்கும். அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

எஞ்சின் ஓடினால் பழைய ஞாபகத்தில் அண்ணன் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டார். ஆகவே பாய்லர் பளபளவென்று இருக்க வேண்டும். புதன்கிழமை வந்த பல்செட் வேலையையெல்லாம் ஓரமாகத் தள்ளிவைத்தார். எலுமிச்சை உப்பை வழக்கத்தைவிடக் கை தாராளமாகப் போட்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் ஊறவும் விட்டார். கொட்டியபோது தண்ணீர் அப்படி ஒரு நீலம்! கழிவுநீர் வால்வைத் திரும்ப முடுக்கும்போது கை கொஞ்சம் வழுக்கினாற்போல் இருந்தது, மரை சரியாகப் பிடிக்காததுபோல. ஈரக் கை என்று விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். முன்வாசலில் சாமான் வண்டி வந்து நின்றுவிட்டது. சக்கரப் பாகத்தை வண்டிக்காரரின் ஆள் தூக்கிக்கொண்டு வந்து பின்கட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் வாசற்படியில் நின்று, “உள்ள வரலாமுங்களா?” என்றார்.

“வாங்கண்ணே. இதுக்கென்ன கேள்வி?”

“இல்ல, உங்களுக்கு வேலை இருக்கப்போகுது.”

கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டார் தம்பி. அதே புகார் கவுன்ட்டர்க் குரல். முட்டி வலியோடு மெதுவாக நடந்து வந்த அண்ணன் முன்னறையில் பல்வரிசைகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சுவரை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.  பின்கட்டுக்கு வந்து பாய்லரின் முன்னால் நின்றதும், “நல்லா வெச்சிருக்கீங்க” என்றார்.

அந்தப் பாராட்டு தம்பியின் காதில் காய்ச்சிய ஈயமாக இறங்கியது.

பாய்லரைச் சோதிப்பதற்கு நெருப்பு வேண்டாம். தண்ணீரை ஒரு குமிழிக்குக்கூட இடமில்லாமல் நிரப்பி, கைப்பம்ப்பால் அழுத்த வேண்டும். ஆவியில் சோதித்தால், விரிசல் இருந்தால் வெடிக்கும். தண்ணீரில் என்றால் அழுவதுபோலச் சொட்டுவிடும், அவ்வளவுதான். ஓடும்போது இருக்கிற அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி, முள் இறங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் அழுத்தம் காட்டுகிற கேஜைப் பார்க்க. இத்தனை காலம் இவர் ஒற்றை ஆளாகவே செய்து, பம்ப்புக்கு நேரே ஒரு கம்பியில் குட்டிக் கண்ணாடியைக் கட்டி, அதில் தலைகீழாகத் தெரிகிற முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தக் கம்பியையும் கண்ணாடியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மெல்ல வளைத்து ஒதுக்கிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு கேஜுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“அடிங்க” என்றார்.

தம்பி அடித்தார்.

“ஏறுது. ஏறுதுங்க... இன்னும்... பாதிக்கு வந்தாச்சு.”

பம்ப் இறுக ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது.

“வந்தாச்சு. நிறுத்திக்குங்க.”

இருவரும் முள்ளைப் பார்த்தார்கள். முள் நின்றது. அப்புறம் சின்னதாக ஒரு ஆட்டம். அப்புறம் இறங்கியது.

“இறங்குதுங்களே” என்றார் அண்ணன்.

“பம்ப் வாஷரா இருக்கும்” என்றார் தம்பி. குரல் அவருக்கே பொய்யாக இருந்தது. பாய்லரின் அடியில் கழிவுநீர் வால்வைச் சுற்றி ஈரம் கசிந்து, ஒரு துளி திரண்டு, கீழே விழுந்தது. பெருவிரலால் சட்டென்று துடைத்தார். அடுத்த துளி வந்தது. அதையும் துடைத்தார்.

“கையை எடுங்க” என்றார் அண்ணன்.

எடுத்தார். அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேசையிலிருந்து பல் சுரண்டுகிற கொக்கி ஒன்றை எடுத்து, அந்தப் புஷ்ஷை லேசாகக் குத்தினார். உலோகம் குத்துப்பட்ட சத்தமே வரவில்லை. நமுத்துப்போன பிஸ்கெட்போல ஒரு சின்னத் துண்டு உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. இளஞ்சிவப்பாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை எதால கழுவுறீங்க?”

“எலுமிச்சை உப்பு.”

“எப்பெப்ப?”

தம்பி மேசையிலிருந்த டார்ச்சை ஓரமாக நகர்த்தினார்.

“எப்பெப்பன்னு கேக்குறேன்.”

“அப்பப்ப. மனசு சரியில்லாதப்ப.”

அண்ணனின் முகம் சிவந்துகொண்டே வந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. புகார் கவுன்ட்டரில் அத்தனை பேர் கத்தியும் புடைக்காத நரம்பு.

“அறிவிருக்காடா உனக்கு?”

தம்பியின் காதில் மீதி எதுவும் விழவில்லை.

“பித்தளையைப் போய் ஆசிட்ல ஊறப்போடுவாங்களாடா யாராவது? இதுல இருந்த துத்தநாகமெல்லாம் கரைஞ்சு போயிடுச்சேடா! வெறும் கூடுதான் நிக்குது! சிவந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம்டா முட்டாளே, இதை எப்படிடா பாக்காம விட்டே?”

“ஈறு மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்குன்னு நெனச்சேன்ணே.”

“ஈறா! பாய்லருக்கு ஏதுடா ஈறு? ஓடாத பாய்லரை எத்தனை தடவைடா குளிப்பாட்டுவே? இதுல ஆவி ஏத்தி விசில் வேற அடிச்சியே, பிச்சுக்கிட்டுப் போயிருந்தா? கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிச்சிருந்தா? ஒத்த ஆளா உள்ள கெடந்திருப்பியே, யாருடா வந்து பாத்திருப்பா?”

கடைசி வார்த்தையில் அண்ணனின் குரல் உடைந்தது. அவர் அதை இருமி மறைத்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, ஸ்கூலில் அடி வாங்குகிற பையனைப்போல நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை அது, சந்தோஷம். இவ்வளவு காலம் கழித்து ஒருவர் தன்மேல் கோபப்படுகிறார். தனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று பதறுகிறார். உலகத்தில் இதைவிடப் பெரிய சொத்தை எந்தப் பாகத்தில் யார் வாங்கிவிட முடியும்?

“பேசாம நிக்குறான் பாரு. கேக்குறேன்ல?”

“தப்புதான்ணே.”

“தப்புதான்ணேவாம்!”

சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தாள். கைகலப்பு என்று நினைத்திருக்க வேண்டும். பின்கட்டு வாசலில் வந்து நின்றவள், ஒருவர் திட்டுவதையும் ஒருவர் வாங்கிக்கொள்வதையும் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். “வண்டிக்காரர் அவசரப்படுத்துறார்ங்க” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அண்ணன் திட்டுவதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். உடைந்த துண்டை மேசைமேல் வைத்தார். கோபம் வடிந்துகொண்டிருந்தது, வடிந்ததும் என்ன வரும் என்று தம்பிக்குத் தெரியும். அந்தக் குரல் வரும். ‘சரி, பாத்துக்குங்க, நான் கிளம்புறேன்’ என்று வரும். தெருமுனை வரைக்கும் வண்டியின் சத்தம் வரும். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாடகைக்காரர்.

அண்ணன் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

“அண்ணே” என்றார் தம்பி.

“என்ன?”

“இன்னொரு எடத்துலயும் ஒழுகுது.”

ஒழுகவில்லை. அந்தப் பாய்லரில் வேறு எந்த இடமும் ஒழுகவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நெருப்புப் பெட்டியின் பின்பக்க மூலையில், இளவட்டத்தில் அவர் பற்றவைத்த மூட்டுகளிலேயே மிக நேர்த்தியான ஒரு மூட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். 

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் மறுபடியும் கண்ணாடியைப் பிரித்து மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி குனிந்து, தம்பியின் விரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“எங்கடா? ஒண்ணும் தெரியலையே. லைட்டைக் காட்டுடா” என்றார்.

தம்பி டார்ச்சை எடுத்துக் காட்டினார்.